ஃபான்ட் அக்காவின் பூனை

எங்கள் தெருவில் அவரை எல்லோரும் ஃபான்ட் அக்கா என்றுதான் சொன்னார்கள். கடை போர்டில் 'டிசைன் அண்டு டிடிபி' என்று பெரிதாக எழுதியிருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. பிள்ளையார்பாளையத்தில் ஒருவருக்குப் பெயர் வைக்கப் பெரிய யோசனையெல்லாம் பண்ண மாட்டார்கள். ஓயாமல் எதைப் பற்றிப் பேசுகிறாரோ அதுதான் அவர் பெயர். எனக்கும் அப்படி ஒரு பெயர் இருக்கிறது. அதை இங்கே சொல்வதாக இல்லை.

அவர் கடைக்கு இரண்டு கடை தள்ளி என் கடை. நான் அட்டை அடிப்பவன். பட்டுப்புடவைக் கரையில் மயில் வரவேண்டுமென்றால் எந்த இழை மேலே எழும்ப வேண்டும், எது கீழே கிடக்க வேண்டும் என்று ஓட்டை போட்ட அட்டைகள்தான் தறிக்குச் சொல்லும். கம்ப்யூட்டரில் இருக்கும் டிசைனை அந்த ஓட்டைகளாக மாற்றும் மெஷின் என்னிடம் இருக்கிறது. அக்கா வரைந்து பென் டிரைவில் கொடுப்பார், நான் அட்டை அடித்துத் தறிக்காரர் வீட்டில் கொடுப்பேன். இதில் எனக்கு மூளை தேவையில்லை என்று அக்கா அடிக்கடி ஞாபகப்படுத்துவார்.

அவருடைய கீபோர்டைப் பார்த்தவர்கள் முதலில் சிரிப்பார்கள். ஒவ்வொரு கீயின் மேலும் நகத்தளவு ஸ்டிக்கர். ஒன்றில் அன்னம், ஒன்றில் ருத்ராட்சம், ஒன்றில் மாங்காய், ஒன்றில் யார் வீட்டுக் கதவிலோ இருந்த தாழ்ப்பாள். ஃபான்ட் என்பது எழுத்துக்கு மட்டும்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். 'க' என்ற எழுத்தை வரைந்து ஒரு கீயில் உட்கார வைக்க முடியுமென்றால் மயிலையும் உட்கார வைக்கலாம் என்பது அக்காவின் கட்சி. திரையில் குட்டிக் குட்டிக் கட்டங்களாக இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகக் கறுப்பாக்கி ஓர் உருவத்தைச் செய்வார். பிறகு அதை ஒரு கீயில் கட்டிப்போடுவார். அந்தக் கீயைத் தட்டினால் மயில். மூன்று தரம் தட்டினால் மூன்று மயில். ஒரு கரை முழுவதையும் கடிதம் அடிப்பதுபோல் உட்கார்ந்த இடத்தில் அடித்துவிடுவார். மயிலின் கொண்டையில் ஒரு புள்ளியை மாற்றினால் வரிசையில் நிற்கிற அத்தனை மயிலுக்கும் கொண்டை மாறிவிடும்.

வசதிதான். ஆனால் அந்த ஒரு மயிலைச் செய்வதற்குள் அவர் படுத்துகிற பாடு இருக்கிறதே. மற்ற டிசைன்காரர்கள் இருக்கிற படத்தை வெட்டி ஒட்டி அரை நாளில் ஆளை அனுப்பிவிடுவார்கள். அக்காவிடம் போய் மாங்காய் வேண்டும் என்று கேட்டால், "யாரு வீட்டு மாங்கா?" என்பார். வந்தவர் முழிப்பார். "மாங்கான்னா மாங்காதாம்மா" என்பார். "அப்படி ஒண்ணு உலகத்துலயே கிடையாதுபா" என்பார் அக்கா. பாதிப் பேர் அதோடு எழுந்து போய்விடுவார்கள். இந்த அம்மாவுக்குப் பிழைக்கத் தெரியவில்லையே என்று எனக்குக் கோபம் கோபமாக வரும்.

அக்காவின் ஊர் திருப்புட்குழிக்குப் பக்கம். முதலில் எங்கள் தெருவில் அவரை யாரும் லேசில் சேர்த்துக்கொள்ளவில்லை. தறி தெரியாத வீட்டிலிருந்து வந்த பெண் தறிக்கு என்ன டிசைன் போடும் என்றார்கள். அதை அவர் காதுபடவும் சொன்னார்கள். நான் ஒரு நாள் சமாதானம் சொல்லப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"அவங்க சொல்றது கரெக்ட்டுதானேபா. எங்க வீட்ல தறியும் கிடையாது, ஏரும் கிடையாது. எங்கப்பா, அம்மா, அதுக்கு முன்னாடி இருந்தவங்க, எல்லாரும் அடுத்தவங்க நிலத்துல குனிஞ்சவங்க. அதான் எதைப் பார்த்தாலும் இது யாருதுன்னு கேக்கத் தோணுது எனக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எந்த வேலையாக இருந்தாலும் இதே கேள்விதான். ஒரு கிறிஸ்துமஸுக்கு நோட்டீஸ் அடிக்க ஃபாதர் ஒருவர் வந்தார். நட்சத்திரம் ஒன்று போடு என்று சொல்லிவிட்டுப் போனார். கம்ப்யூட்டரில் ஆயிரம் நட்சத்திரம் இருக்கிறது. அக்கா ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அந்தச் சர்ச்சுக்கே போய், வாசலில் மூங்கில் பிளந்து கட்டித் தொங்கவிட்டிருந்த நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அதில் ஒரு கால் வளைந்திருந்தது. நோட்டீஸிலும் ஒரு கால் வளைந்தது. ஃபாதர் கண்ணாடியைக் கழற்றி மாட்டிப் பார்த்தார்.

"இதை நேராக்கிடலாமேம்மா?"

"நேராக்கிடலாம் ஃபாதர். ஆனா அது வேற சர்ச்சோட ஸ்டாரு."

ஃபாதர் இருக்கட்டும் என்றார். அடுத்த வருஷம் அந்த மூங்கில் நட்சத்திரத்தைப் புதிதாகக் கட்டியபோது பையன்கள் வேண்டுமென்றே ஒரு காலை வளைத்துக் கட்டினார்களாம். இதைச் சொல்லும்போது மட்டும் அக்காவுக்குக் கொஞ்சம் பெருமை இருக்கும்.

திருப்பருத்திக்குன்றத்து ஜைனக் குடும்பம் ஒன்று வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்தது. அவர்கள் கோயில் கூரையில் இருக்கும் சித்திரத்தில் ஒரு கொடியை எடுக்க அக்கா இரண்டு நாள் அண்ணாந்து பார்த்துவிட்டு, கழுத்தைத் திருப்ப முடியாமல் கடைக்கு வந்து உட்கார்ந்திருந்தார். "கீபோர்டுல ஏதுக்கா இனிமே இடம்?" என்று கேட்டேன். "ஷிஃப்ட்டை அமுக்கினா இன்னொரு வரிசை, ஆல்ட்டை அமுக்கினா இன்னொண்ணு. இடம் இருக்குதுபா. கேக்கறவங்கதான் குறைச்சல்" என்றார்.

என்னோடு அவருக்கு ஒரே ஒரு தடவைதான் சண்டை. அடுத்த தெரு நெசவாளி ஒருவர் மாங்காய் டிசைன் கேட்டு வந்தார். தன் வீட்டு மரத்தில் அணில் கடிக்காத மாங்காய் ஒன்றுகூடக் கிடைக்காது என்று பேச்சுவாக்கில் சொல்லித் தொலைத்துவிட்டார். அக்கா மாங்காயின் ஓரத்தில் ஒரு கடி வைத்துவிட்டார். எனக்கு அது தெரியாது. அட்டை அடிக்கும்போது பார்த்தேன், மாங்காய் ஓரத்தில் பொத்தல். அவசரத்தில் விட்டிருப்பார்கள், நாமே சரி பண்ணிவிடலாம் என்று அந்த இடத்தை நிரப்பி அடித்துக் கொடுத்தேன். மறுநாள் அக்கா வந்து அட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மொத்தத்தையும் மறுபடி அடிக்கவைத்தார்.

"நீ திருத்தாதபா. நான் அனுப்பினது எப்படி வருதோ அப்படியே அடி. சந்தேகம் வந்துச்சின்னா டீ குடி."

அன்றிலிருந்து திருத்துவதை விட்டேன். கேள்வி கேட்பதையும் விட்டேன். நான் கொஞ்சம் ரோஷக்காரன்.

மல்லிகாம்மா எங்கள் தெருக் கோடியில் இருப்பவர். வீட்டிலேயே தறி. அவர் புருஷன் விடிவதற்கு முன்னால் கம்பெனி பஸ் ஏறிப் போய்விடுவார். மல்லிகாம்மா தறியில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதே அபூர்வம். ஒரே பெண் ரேவதி நர்சிங் முடித்துவிட்டு வேலூரில் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆரணியில் இடம் முடிவானது. அவர்களும் நெசவுக் குடும்பம்தான். முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுப்பது வழக்கம். பெண் வீட்டிலேயே தறி இருக்கும்போது கடைக்கு எதற்குப் போவது என்று சொல்லி, ஒரு புடவைக்கு வேண்டிய பட்டையும் ஜரிகையையும் அளந்து அனுப்பிவிட்டார்கள். நெய்து கொடுத்தால் அதைத் தட்டில் வைத்து அவர்கள் கையால் கொடுப்பார்கள்.

அம்மாவும் பெண்ணும் டிசைன் சொல்ல அக்கா கடைக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"கரையில என்னா வரட்டும்?" என்று ரேவதியைக் கேட்டார் அக்கா.

"அன்னம் போட்டுடும்மா" என்றார் மல்லிகாம்மா.

"பாப்பா சொல்லட்டும். உன்னுது எதுமா?"

ரேவதி அம்மாவைப் பார்த்தாள். பிறகு செல்போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாள். சாம்பல் நிறப் பூனை. தறிக்குப் பக்கத்தில் ஒரு தடிப் புத்தகத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. வால் நுனி ஒரு பக்கமாக ஒடிந்து மடங்கியிருந்தது.

"இது போன வருஷம் செத்துப்போச்சிக்கா" என்றாள்.

மல்லிகாம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "அடிப் பாவி. முகூர்த்தப் புடவையில பூனையா? பூனை குறுக்க போனாலே வீட்டுக்குள்ள திரும்பி வந்து தண்ணி குடிச்சிட்டுப் போறவங்க நாம. தாலி கட்டிக்கிற நேரத்துல அதை உடம்பு பூரா சுத்திக்கினு நிப்பியா? ஆரணிக்காரங்க என்னா சொல்லுவாங்க?"

 ஏன் பூனை என்று ரேவதி காரணம் சொல்லவில்லை. அக்கா அந்தப் படத்தைத் தன் செல்லுக்கு வாங்கிக்கொண்டார். மல்லிகாம்மா சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. புடவையை நெய்யப்போகிறவர் அவர்தானே, பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பார்.

நான்கு நாளில் பூனை தயாரானது. எனக்குத் திரையில் காட்டினார். வாலின் ஒடிவைக்கூட விடவில்லை. கரையில் சாணுக்கு ஒரு பூனை வருகிறமாதிரி அடித்து பென் டிரைவில் கொடுத்தார்.

இங்கேதான் என் புத்தி தெரிந்தது. அதற்கு முந்தின வாரம் என் பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டு, புதிது ஒன்று வாங்கியிருந்தேன். அக்காவின் ஃபான்ட்டைப் புதியதில் ஏற்ற வேண்டும் என்பது சுத்தமாக மறந்துவிட்டது. ஃபான்ட் இல்லாத மெஷினுக்கு அந்தக் கீயில் என்ன உருவம் இருக்கிறது என்று தெரியாது. தெரியாத இடத்தில் அது பாட்டுக்கு ஒரு காலிப் பெட்டியைப் போட்டுவிடும். நான் ஃபைலைத் திறந்தபோது கரை முழுக்க வரிசையாகக் காலிப் பெட்டிகள். நாலு கோடு, நடுவில் ஒன்றுமில்லை.

வேறு யார் அனுப்பியிருந்தாலும் அந்த நிமிஷமே போன் போட்டிருப்பேன். அனுப்பியது ஃபான்ட் அக்கா. அணில் கடித்த மாங்காயையும் கால் வளைந்த நட்சத்திரத்தையும் போட்ட கை, பூனை வேண்டாம் என்று மல்லிகாம்மா முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டுப் பெட்டி போட்டிருக்காதா? திருத்தாதே என்று சொன்னவரும் அவர்தான். டீ குடித்துவிட்டு வந்து அப்படியே அடித்தேன்.

மல்லிகாம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்றாம் நாள் தெருவில் என்னை நிறுத்தி, "உங்க அக்காவுக்கு என்னா மூளை பார்த்தியா" என்றார். "பாப்பா மனசும் கோணக் கூடாது, என் பயமும் தீரணும். பூனையப் பெட்டிக்குள்ள வெச்சி மூடிட்டாங்க பாரு. உள்ள இருக்குதுன்னு நமக்குத்தான் தெரியும்." அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் ஆமாம், அப்படித்தான் இருக்கும் என்று பட்டது. ஆளாளுக்கு ஒரு அர்த்தம் கற்பித்துக்கொண்டு பெட்டிகளை நெய்துகொண்டிருந்தோம். அக்காவிடம் யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரேவதி ஊருக்கு வந்தாள். நேராகத் தறிக்குப் போய்ப் பார்த்தாள். அப்படியே போட்டோ எடுத்துக்கொண்டு அக்கா கடைக்கு வந்தாள். அம்மாவும் பின்னாலேயே வந்தார். நான் அங்கே பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன்.

"நீங்களும் பயந்துட்டீங்களாக்கா?" என்றாள் ரேவதி. கத்தவில்லை.

அக்கா செல்லை வாங்கி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"புது கம்ப்யூட்டர்ல ஃபான்ட்டைப் போடலியா நீ?"

கையிலிருந்த பஜ்ஜியைக் கீழே வைத்தேன். நான் சொல்ல வேண்டியதெல்லாம் என் மூஞ்சியிலேயே இருந்திருக்கும். அக்கா திட்டுவார் என்று காத்திருந்தேன். "திருத்தாதன்னு நான்தானே சொன்னேன்" என்றார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

நெய்தது ஒன்றரை முழம் ஆகியிருந்தது. பிரித்தால் ஜரிகை முறுக்கிக்கொண்டு ஒன்றுக்கும் ஆகாது. வெட்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம் என்றால் ஆரணியிலிருந்து வந்தது ஒரு புடவைக்கு அளந்த பட்டு. முகூர்த்தத்துக்கும் ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தது.

"இப்படியே இருக்கட்டுமே பாப்பா. பார்க்க அழகாத்தான் இருக்குது" என்றார் மல்லிகாம்மா.

"வேணாம்மா. மாப்பிள்ளை வீட்லயே கடையில ஒண்ணு எடுத்துடச் சொல்லிடு. ஏதோ ஒண்ணு கட்டிக்கிறேன்."

தறிக்காரர் வீட்டுப் பெண் இதைச் சொல்லலாமா? மல்லிகாம்மா மகள் பக்கம் திரும்பினார். "ஒரு பூனைக்காடி இவ்ளோ?" என்றார்.

"பத்தாவது பரீட்சைக்கு, பன்னெண்டாவதுக்கு, நர்சிங்குக்கு, எல்லாத்துக்கும் தறிப் பக்கத்துலதாம்மா உக்காந்து படிச்சேன். நீ தறியில இருப்ப. அப்பா கம்பெனியில இருப்பாரு. என்கூட உக்காந்தது அது ஒண்ணுதான்." குற்றம் சொல்கிற குரல் இல்லை. காய்ச்சல் எத்தனை டிகிரி என்று சொல்வதுபோல் சொன்னாள்.

மல்லிகாம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் அவர் வீட்டைத் தாண்டிப் போனபோது தறிச் சத்தம் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை.  என் ஒரு மறதியால் ஒரு கல்யாணப் புடவை பாதியில் நிற்கிறது, ஒரு தாயும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. அக்காவிடம் போய், "ஏதாவது பண்ணுங்கக்கா" என்றேன்.

அக்கா மல்லிகாம்மா வீட்டுக்குப் போனார். நானும் போனேன். தறிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அந்த ஒன்றரை முழத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மல்லிகாம்மா காப்பி கொண்டுவந்து வைத்தார். காப்பி ஆறிப்போனது.

"நீங்க சொன்னதுதான் சரி மல்லிகாம்மா" என்றார் அக்கா. "பூனை பெட்டிக்குள்ளதான் இருக்குது. வெளிய வர வேண்டியதுதான் பாக்கி."

அன்று மதியத்திலிருந்து மறுநாள் சாயங்காலம் வரை கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வரைந்தார். ஐந்து புது உருவங்கள், ஐந்து கீ. ஒன்றில் பெட்டிக்கு மேலே இரண்டு காது மட்டும் தெரியும். அடுத்ததில் விளிம்பைப் பிடித்திருக்கும் ஒரு பாதம். அடுத்ததில் பாதி உடம்பு. அடுத்ததில் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். கடைசியில் பெட்டியே கிடையாது. வாலைத் தூக்கிக்கொண்டு பூனை நடந்து போகும். அவர் கண்ணெதிரிலேயே என் புது கம்ப்யூட்டரில் ஃபான்ட்டை ஏற்றினேன். ஐந்து கட்டு அட்டை அடித்தேன். ஒவ்வொன்றையும் நாலு தரம் சரிபார்த்தேன்.

ஐந்து கட்டுகளையும் மல்லிகாம்மா முன்னால் வைத்தார் அக்கா.

"எல்லாத்தையும் நெய்யணும்னு இல்ல. காதோட நிறுத்தணும்னா நிறுத்திக்கங்க. காதுகூட வேணாம், பெட்டியே புடவை முடியற மட்டும் வரட்டும்னாலும் சரி. புடவை உங்களுது."

"என்னுதா? பாப்பாவுதுன்னு அன்னிக்கி சொன்ன?"

"கட்டிக்கிறது பாப்பா. நெய்யறது நீங்கதானே."

மல்லிகாம்மா அட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டைகளைப் பார்த்தே அவருக்கு உருவம் தெரிந்திருக்கும், அத்தனை வருஷக் கண். அவர் முப்பது வருஷமாக நெய்கிறவர். யாரோ சொன்னதை யாருக்கோ நெய்தவரிடம், எதை நெய்வது என்று யாரும் அதற்கு முன் கேட்டிருக்க மாட்டார்கள். ஏன் சொல்கிறேன் என்றால், பார்த்து முடித்த கட்டுகளை அவர் மறுபடி முதலிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஆரணிக்காரங்க கேட்டா என்னா சொல்றது?" என்றார்.

"சிங்கம்னு சொல்லிடுங்க. மயிரை மழிச்ச சிங்கம்" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "சிங்கம், சிங்கம்" என்று இரண்டு தரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு தறிச் சத்தம் கேட்டது. எந்தக் கட்டு ஓடுகிறது என்று எங்களுக்குத் தெரியாது. "ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வரட்டாக்கா?" என்று தினமும் கேட்டேன். "கூடாது" என்றார். "அவங்க பார்க்கச் சொன்னா போகலாம். நாம போய் எட்டிப் பார்த்தா அப்புறம் அது நம்முது ஆயிடும்." வெளியில்தான் இந்தப் பேச்சு. கடையில் வேலை ஓடாமல் காது குடையும் பஞ்சுக் குச்சியை வைத்துக்கொண்டு கீபோர்டில் ஒவ்வொரு கீயின் இடுக்கையும் துடைத்துக்கொண்டிருப்பார். மல்லிகாம்மா எங்களைப் பார்க்கச் சொல்லவில்லை. புடவையைத் தறியிலிருந்து அறுத்து எடுத்ததும் மடித்து நேரே ஆரணிக்குப் போய்விட்டது என்று கேள்விப்பட்டோம்.

கல்யாணத்தன்று நானும் அக்காவும் முன் வரிசையில் போய் உட்கார்ந்தோம். எனக்கு டிபன் இறங்கவில்லை. இது என் வாழ்க்கையில் அடிக்கடி நடக்கிற விஷயமில்லை. மாப்பிள்ளையின் பெரிய அத்தை புடவைத் தட்டோடு மேடை ஏறினார். ரேவதி மணையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். மல்லிகாம்மா தூணோரமாக நின்றார்.

அந்த அத்தையும் ஒரு காலத்தில் தறியில் உட்கார்ந்தவர் போலிருக்கிறது. தட்டைக் கொடுப்பதற்கு முன்னால் புடவையின் மேல் மடிப்பைப் பிரித்து, கரையை இரண்டு விரலால் தடவி, பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். ஜரிகை நன்றாக உட்கார்ந்திருக்கிறது என்றார். பிறகு குனிந்து பார்த்தார்.

"கரையில என்னாமா இது? சிங்கமா?"

மண்டபம் பாட்டுக்குச் சத்தமாகத்தான் இருந்தது. எனக்கு மட்டும் எல்லாம் நின்றுவிட்டது. நல்ல வேளை, அந்தம்மாவே எடுத்துக் கொடுத்துவிட்டார், மல்லிகாம்மா தலையை ஆட்டினால் போதும். பக்கத்தில் அக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மல்லிகாம்மா தூணைவிட்டு முன்னால் வந்தார்.

"இல்லிங்க. பூனை."

அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க வீட்டுப் பூனைங்க. பாப்பா படிக்கும்போது நான் தறியவிட்டு எழுந்து வந்து ஒரு நாள்கூட அவகூட உக்காந்ததில்ல. அதுதான் உக்காந்துது. பிடிக்கலைன்னா சொல்லிடுங்க. ஆனா பூனைதான். நான்தான் நெய்ஞ்சேன்."

ரேவதியின் தலை நிமிர்ந்தது. அத்தை மடிப்பை இன்னும் கொஞ்சம் பிரித்தார். பெட்டி மேல் உட்கார்ந்த பூனை வந்தது. இன்னும் பிரித்தார், பாதி உடம்பு. இன்னும் பிரித்தார், ஒரு பாதம், பிறகு காது, பிறகு காலிப் பெட்டிகள். மல்லிகாம்மா ஒரு கட்டைக்கூட விடவில்லை. மேடையில் இருந்த பெண்கள் எல்லோரும் கூடி ஆளுக்கொரு பக்கம் புடவையைப் பிடித்து நீட்டினார்கள். ஒரு முனையில் பெட்டி, மறு முனையில் நடந்து போகிற பூனை.

"இதுலேர்ந்துதான் கெளம்பி வந்துக்கினு இருக்குதா?" என்று கேட்ட அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நல்லா இருக்குதே. எங்க வீட்லயும் ரெண்டு இருக்குது, தறியில நீட்டின பாவு நூலெல்லாம் பிறாண்டி வைக்கும். இது வந்தா மூணு." ஐயர் நேரமாகிறது என்றார். அத்தை புடவையைப் பதமாக மடித்துத் தட்டில் வைத்து ரேவதியின் கையில் கொடுத்தார்.

நான் அக்கா பக்கம் திரும்பி, "ஜெயிச்சிட்டீங்கக்கா" என்றேன். "நான் எங்கபா ஜெயிச்சேன், அவங்க சொன்னாங்க" என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பெங்களூரில் எழுத்து செய்கிற கம்பெனி ஒன்று கூப்பிட்டு, அடுத்த வருஷம் அவர் எங்கள் தெருவைவிட்டுப் போனார். நல்ல சம்பளம், நல்ல வேலை என்று அவ்வப்போது போன் பண்ணுகிறார். அங்கேயும் யாரையாவது யாருது யாருது என்று கேட்டு உயிரை எடுத்துக்கொண்டிருப்பார். எனக்கு இன்றைக்கும் அவரைப் பற்றி நினைத்தால் அந்த மேடைதான் கண்ணில் நிற்கிறது.

ரேவதி புடவையைக் கட்டிக்கொண்டு வந்து மணையில் உட்கார்ந்தாள். மல்லிகாம்மா வழக்கம்போல் ஏதோ வேலை இருப்பதாக உள்ளே கிளம்பினார். ரேவதி எட்டி அவர் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். சமையல்காரர் இரண்டு தரம் வந்து கூப்பிட்டார். தாலி கட்டி முடிகிற வரைக்கும் மல்லிகாம்மா எழுந்திருக்கவில்லை.